மாமா வாயால் மடையன்

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மூத்த மாப்பிள்ளை தலை நிமிர்ந்து எழுதுவது. இங்கே உங்கள் மகள், பேத்தி, பேரன், உங்கள் கணவர் எல்லாரும் முழுசாக இருக்கிறோம். அங்கே சின்னவளும் அவள் பெற்ற பச்சைக்குழந்தையும், இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளும் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன். பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது நடக்கிற காரியமில்லை என்று தெரியும். இருந்தாலும் கடிதம் என்று உட்கார்ந்துவிட்டால் நம்பித்தானே ஆக வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தொட்டிலை ஆட்டுவீர்கள், சின்ன மாப்பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார், நடுவில் குழந்தை அழும், நான் சொல்ல வந்த பெரிய விஷயம் அந்த அழுகையில் கரைந்துபோகும். இது கரைந்துபோகிற விஷயமில்லை அத்தை. மாமா என்னோடு பேசிவிட்டார்.

மறுபடி படிக்க வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாத மனிதர், "அவர்கிட்ட சொல்லு", "அந்த ஆளைக் கேளு" என்று என்னைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவனைப் போலவே நடத்தியவர், வாய் திறந்து, என்னைப் பார்த்து, நேராகப் பேசிவிட்டார். அவர் கோபம் நியாயமானதுதான், அதில் நான் தர்க்கம் பண்ணவில்லை. அவருடைய டிரைவிங் ஸ்கூலுக்கு வண்டி கற்றுக்கொள்ள வந்தவன், முன்மேஜையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்ப்பதற்காகவே கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவனாக மாதக்கணக்கில் நடித்து, கடைசியில் நடிப்பு நிஜமாகிவிட, அந்த ஸ்கூல் சரித்திரத்திலேயே டெஸ்டில் தோற்ற ஒரே மாணவன் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு, "வண்டியத் தள்ள வந்தவன் பொண்ணத் தள்ளிட்டுப் போயிட்டான்" என்று ஊர் சிரிக்கவும் வைத்தால், எந்த அப்பாதான் பேசுவார்?

அப்படிப்பட்டவரை, சின்னவள் பிரசவத்துக்கு நீங்கள் கிளம்பும்போது, "கோடை லீவு முழுக்க மூத்தவ வீட்ல இருங்க, நான் வந்து கூட்டிக்கிறேன்" என்று இங்கே அனுப்பினீர்கள். எப்படியோ ஒருவழியாக லைசென்ஸ் வாங்கி, பழைய கார் ஒன்றையும் நான் வாங்கியிருந்த சமயம். மாமா வாசலில் இறங்கினார், காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், டயரை ஓர் உதை உதைத்தார், உங்கள் மகளைப் பார்த்து, "பாவம்மா, இந்த வண்டி யாருக்கு என்ன துரோகம் பண்ணுச்சு, இவர் கைல வந்து மாட்டிருக்கு?" என்றார். பக்கவாட்டில் விழுந்த கீறல்களை வெளியே தெரியாமல் மறைத்திருந்தேன். பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவனுக்கு அதுகூட முடியாவிட்டால் எப்படி? மாமா கண்ணுக்கு அத்தனையும் தெரிந்தது. ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். வாய்க்குள்ளேயே எண்ணவும் செய்தார். அதுதான் அதிகமாக வலித்தது.

முதல் பயணம் மிருகக்காட்சி சாலைக்கு. மாமா என் பக்கத்தில் உட்கார மறுத்து, எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டார். பிடரியில் ஒருவருடைய மூச்சு சுட்டுக்கொண்டே இருக்கும்போது வண்டி ஓட்டிப் பார்த்தால்தான் என் நிலைமை உங்களுக்குப் புரியும். ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்த வாய், சும்மா இருக்குமா? இருக்காது. ஆனால் என்னிடம் பேசவும் கூடாது. ஆகவே உங்கள் மகள் நடுவில். "அந்தச் சந்துல திரும்பச் சொல்லும்மா." அவள் உங்கள் பேரன் சின்னவனுக்குப் பால் புட்டியைப் பிடித்தபடி, "என்னங்க, அப்பா சந்துல திரும்பச் சொல்றார்." "எந்தச் சந்து?" "எந்தச் சந்துப்பா?" "அது போயிருச்சும்மா." இப்படியே நகரத்தின் சந்துகளையெல்லாம் ஒவ்வொன்றாக வழியனுப்பிவிட்டு, ஒரே ரவுண்டானாவை மாற்றி மாற்றி வலம் வந்து, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். காவலாளியிடம் கெஞ்சியதில் கம்பிக்கு வெளியே நின்று ஒட்டகச்சிவிங்கியின் தலையை மட்டும் பார்க்க அனுமதி கிடைத்தது. உடம்பு உள்ளே இருப்பதாக நாங்களே நினைத்துக்கொண்டோம். திரும்பி வந்ததும் உங்கள் மகள், "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரியா? இனிமே என் வழியா ஒரு வார்த்தை போகாது" என்று ராஜினாமா செய்துவிட்டாள்.

அந்த வேலை உங்கள் பேத்தி பட்டாணிக்குப் போயிற்று. அவளிடம் உள்ள நல்ல குணம், சொன்னதை அப்படியே சொல்வாள். கெட்ட குணமும் அதுதான். "கழுதை மாதிரி நட்ட நடுவுல நிக்காம ஓரமா போகச் சொல்லு" என்றால், கழுதையில் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் எனக்கு வந்து சேரும். அதுகூடப் பரவாயில்லை. ஒரு நாள் சிக்னலில் கைகாட்டும் போலீஸ்காரர் சற்று அசந்து நின்றிருக்கிறார். மாமா வாய்க்குள்ளேயே, "நிக்கிறவன் தூங்குறான் பாரு" என்று முணுமுணுத்தார். பட்டாணிக்கு அது யாருக்கான செய்தி என்பதில் சந்தேகமே இல்லை. கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "போலீஸ் மாமா, நீங்க தூங்குறீங்களாம், தாத்தா சொல்றார்!" என்றாள். வண்டி ஓரம் கட்டப்பட்டது. மை காயாத என் லைசென்ஸை அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "உங்கப்பா யார்கிட்ட பாப்பா வண்டி கத்துக்கிட்டார்?" என்று கேட்க, பட்டாணி பெருமையாகப் பின்னால் கையைக் காட்டினாள். மாமா பதறிப்போய், "ஐயோ, நான் இல்லைங்க! இவருக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல!" என்றார். சம்பந்தி வீட்டோடு ஏற்பட்ட சம்பந்தத்தை நடுத்தெருவில் ரத்து செய்தது எனக்கு மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது அத்தை. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் என் பெரியம்மா, "ஒரே ஒரு நாள், குழந்தைகளப் பாத்துட்டுப் போயிடுறேன்" என்று ஒரு மாதத்துக்கான பெட்டியோடு வந்து இறங்கினாள். நிலைமையைப் பார்த்தாள். "இதுக்கா இவ்வளவு? என்கிட்ட விடுங்க" என்று பின்சீட்டில் மாமாவுக்கும் சின்னவனுக்கும் நடுவில் இடம் பிடித்துக்கொண்டாள். பெரியம்மாவுக்கு யார் மனதும் நோகக் கூடாது. மாமா, "இதுக்கு எருமையே தேவலை, சொன்னா திரும்பும்" என்றால், என் காதுக்கு, "சம்பந்தி சொல்றார், ரொம்பப் பொறுமையா ஓட்டுறியாம்" என்று வரும். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மனிதர் மாறிவிட்டார் என்றே நம்பினேன். அந்தக் குளிர்ச்சியிலேயே ஆற்றங்கரைக்குப் போனபோது, கரையோரம் மாமா, "நிறுத்தச் சொல்லுங்க! சேறு! சேறு!" என்று கத்தினார். பெரியம்மா, "இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா நல்ல நிழல் இருக்காம்பா" என்றாள். போனேன். முன்சக்கரம் இரண்டும் சேற்றில் இறங்கி உட்கார்ந்துவிட்டன. நிழல் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செங்கல் ஏற்றி வந்த டிராக்டர் ஒன்று எங்களை இழுத்து வெளியே போடும்வரை அந்த நிழலில்தான் நின்றோம். மாமா இடுப்பில் கையை வைத்து, சேறு அப்பிய காரையும் என்னையும் பெரியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பட்டாணி மட்டும் இதுதான் லீவிலேயே நல்ல நாள் என்றாள்.

இனிமேல் எங்கும் வேண்டாம் என்றுதான் நான் இருந்தேன். உங்கள் மகள்தான், "பிள்ளைங்க லீவு முடிஞ்சு ஸ்கூல்ல என்னத்தச் சொல்லும், சேத்துல நின்னோம்னா?" என்று மலைக்குக் கிளப்பினாள். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. மேலே மேகம், குளிர், குழந்தைகள் கூத்து. இறங்கும் நேரத்தில் பெரியம்மா வளைவுகளை நினைத்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நான் பஸ்ல வரேன்" என்றாள். அவளைத் தனியே விட முடியாது என்று உங்கள் மகள் குழந்தைகளோடு பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் வண்டிய எடுத்துட்டு வாங்க" என்றபோது அவள் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. வேண்டுமென்றே செய்தாள் அத்தை, உங்கள் மகள்.

ஆக நானும் மாமாவும், நடுவில் தூது போக ஓர் ஆள் இல்லாமல். மாமா வழக்கம்போலப் பின்னால். முதல் வளைவு தாண்டியதும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏய் கரடி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடியில் பார்த்தால், பட்டாணி விட்டுப்போன பஞ்சுக் கரடியை மடியில் நிமிர்த்தி வைத்திருக்கிறார். "ஏய் கரடி, இறக்கத்துல பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா சூடாகிச் செத்துரும்னு உங்க ஆளுகிட்ட சொல்லு." நானும் ரோஷத்தில், "கரடி, எனக்குத் தெரியும்னு சொல்லு" என்றேன். "தெரிஞ்சவன் காலு ஏன் இன்னும் பிரேக்குல இருக்குன்னு கேளு கரடி." "பயமா இருக்குன்னு சொல்லு கரடி." மாமா கரடியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அடுத்த வளைவில் கருகிய வாடை வந்தது. அதற்கடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தேன், கால் பஞ்சில் இறங்குவதுபோல அடிவரை போய்விட்டது. வண்டி நிற்கவில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் அத்தை, அது நடந்தது. கரடி என் காதோரம் பறந்துபோய் முன்கண்ணாடியில் மோதி விழுந்தது. "டேய் மடையா!" என்றார் மாமா. கரடியிடம் இல்லை. என்னிடம். "பிரேக்க விட்ருடா, அது செத்துப் போச்சு! கியரக் குறை! ரெண்டுல போடு, ரெண்டுல!" போட்டேன். வண்டி உறுமிக்கொண்டு தயங்கியது. மாமா இரண்டு சீட்டுக்கும் நடுவில் பாதி உடம்பை நுழைத்து, கைப்பிரேக்கைப் பிடித்துவிட்டார். "ஸ்டியரிங் உன்னுது, இது என்னுது. என்னப் பாக்காத, ரோட்டப் பாரு! நான் இருக்கேன்ல!" நான் இருக்கேன்ல என்றார் அத்தை. அந்த வளைவை நான் எப்படித் திருப்பினேன் என்று எனக்கே தெரியாது. "இப்ப ஒண்ணுல போடு. அவசரப்படாத. மலைப்பக்கம் ஜல்லி கொட்டிருக்கு பாரு, அதுல ஏத்து, தைரியமா ஏத்து!" ஏற்றினேன். ஜல்லி சரசரவென்று சரிந்து, வண்டி மூக்கைப் புதைத்து நின்றது. கொஞ்ச நேரம் கற்கள் மட்டும் ஒவ்வொன்றாக உருண்டுகொண்டிருந்தன. நான் நின்ற வண்டியின் ஸ்டியரிங்கை இன்னும் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். மாமா என் கைமேல் கையை வைத்து, "விடுங்க மாப்பிள்ளை, நின்னுருச்சு" என்றார்.

வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷி என்பார்களே, அந்தப் பட்டத்தை யாராவது எனக்குக் கொடுத்தால்கூட வேண்டாம். மாமா வாயால் மடையன், அதற்கப்புறம் மாப்பிள்ளை, இரண்டும் ஒரே வளைவில் கிடைத்தது எனக்குப் போதும். அழுதேன் என்று உங்கள் மகள் சொன்னால் நம்பாதீர்கள், ஜல்லித் தூசி. பின்னாலேயே இறங்கி வந்த பஸ் எங்களைப் பார்த்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து பிரேக்கை மிதித்துப் பார்த்து, "பிரேக்கே இல்லாம இந்த வளைவுல கொண்டாந்து நிறுத்திருக்கீங்களே, யாருங்க ஓட்டுனது?" என்றார். மாமா சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: "என் மாப்பிள்ளைங்க. நம்ம ஸ்கூல் பையன்." ஜன்னலில் உங்கள் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பெரியம்மா பஸ்ஸில் இருந்த எல்லாரிடமும், "நான்தான் சொல்லிச் சொல்லிச் சேத்து வெச்சேன்" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். இருக்கட்டும், அவளுக்கும் ஒரு பங்கு உண்டு.

வண்டி மெக்கானிக்கிடமிருந்து வந்த மறுநாளிலிருந்து, காலையில் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பொட்டலில் மாமா எனக்கு முதலிலிருந்து பாடம் நடத்துகிறார். கழுதை, எருமை, கோட்டான் எல்லாம் இப்போது இடைத்தரகர் இல்லாமல் நேராக வருகிறது. போன வாரம் எல்லாரும் கடலுக்குப் போய் வந்தோம். மாமா முன்சீட்டில், என் பக்கத்தில். பாதி வழியில் பேச்சைக் காணோமே என்று பார்த்தால், வாயைத் திறந்தபடி தூங்குகிறார். உங்கள் மகள் பின்னாலிருந்து என் காதில், "எங்கப்பா கத்துக்குடுக்கிற வண்டில கண்ண மூடி நான் பாத்ததே இல்லங்க" என்றாள். டெஸ்டில் தோற்றதற்கெல்லாம் இது போதாதா? கடல் வரை ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினேன்.

ஆகவே நீங்கள் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மாமாவை நானே காரில் கொண்டுவந்து உங்கள் வாசலில் இறக்குகிறேன். பச்சைக்குழந்தைக்கு எங்கள் எல்லாருடைய முத்தமும். சின்னவளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சின்ன மாப்பிள்ளையை மிகவும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவரோடு மாமா முதல் நாளிலிருந்தே பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இதுவரை ஒரு தடவையாவது மடையா என்று சொல்லியிருக்கிறாரா, கேட்டுப் பார்க்கவும்.

என்றும் உங்கள் ஆசியை வேண்டும்,
மூத்த மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போட்டு, தபாலில் சேர்க்கக் காரை எடுக்கப் போனேன். "ரிவர்ஸ் எடுக்கிறது எப்படின்னு பாத்துக்குங்க மாப்பிள்ளை, எறங்குங்க" என்று மாமா தாமே உட்கார்ந்தார். கார் பின்னால் போகவில்லை. முன்னால் பாய்ந்தது. வீட்டுக்காரரின் சுற்றுச்சுவர் பாதி இப்போது தெருவில் கிடக்கிறது. யாருக்கும் காயமில்லை. எனவே ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ரயிலில் வருகிறோம், அல்லது நீங்களே வாருங்கள். இன்னொன்று, சுவரை இடித்தது நான்தான். அப்படித்தான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார், யார் மூலமாகவும் இல்லை, என் தோளில் கை போட்டு, என்னிடமே.