கருவாட்டுக்குப் பச்சை விளக்கு

செங்கல்பட்டில் மூக்கு வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கடவுள் எதற்காக மூக்கைக் கொடுத்தாரோ அதற்காக முழுசாக உபயோகித்தவர் ஒருவர்தான். அவர் எங்களுக்கு வாடகைக்கு வீடு கொடுத்த பார்சல் சார்.

அவருடைய சொந்தப் பெயர் அவருக்கும் ஆதார் அட்டைக்கும் மட்டும் தெரியும். ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பத்தாறு வருடம் குமாஸ்தா. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வாராம். 'துணி' என்று எழுதி வந்த ஒரு பூட்டின பெட்டியை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, "உள்ள பலாப்பழம் கீது, நாளான்னிக்கு வெடிச்சிடும்" என்றாராம். அனுப்பியவர் மறுநாளே வந்து ஒப்புக்கொண்டார் என்று கேள்வி.

ஓய்வு பெற்ற பிறகு அந்த மூக்குக்கு வேலை கொடுக்க எங்கள் தெரு மட்டும்தான் பாக்கி. எதிர் வீட்டில் பால் பொங்கப் போவதை இவர் இங்கிருந்து அறிவிப்பார். ஒரு கல்யாணப் பந்தலில் சாம்பாரில் உப்பு இல்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். உப்புக்கு ஏது வாசனை என்று எதிர்க்கேள்வி கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை, ஏனென்றால் நிஜமாகவே உப்பு போட்டிருக்கவில்லை. மூலை வீட்டில் சிலிண்டர் கசிந்ததை ஐந்து வீடு தள்ளி உட்கார்ந்து கண்டுபிடித்து, ஓடிப்போய் ரெகுலேட்டரை மூடியதும் இவர்தான். அதனால் அவர் என்ன சொன்னாலும் தெரு பொறுத்துக்கொள்ளும்.

இப்படிப்பட்டவர் வீட்டு மாடிக்குத்தான் நானும் செல்வியும் குடி போனோம். நான் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவன். செல்வி சதுரங்கப்பட்டினத்துக்காரி. கடற்கரைப் பெண்ணுக்குக் கருவாடு இல்லாத சோறு சோறே இல்லை. கல்யாணமான இரண்டு வருடத்தில் மூன்று வீடு மாறியிருந்தோம். மூன்று வீட்டுக்காரர்களும் வேறு வேறு காரணம் சொன்னார்கள். மூன்று காரணத்துக்கும் ஒரே வாசனை.

பார்சல் சார் அப்படிச் சுற்றி வளைக்கவில்லை. முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இந்த வூட்ல கவுச்சி பொழங்கக் கூடாது. அது ரூலு. இஷ்டம்னா சாமான எறக்கு, இல்லன்னா அப்டியே வண்டிய திருப்பு."

சாமான் வண்டிக்காரர் ஏற்கெனவே பீரோவை இறக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினோம்.

நான்கு மாதம் செல்வி வாயைக் கட்டினாள். ஐந்தாவது மாதம் மழையும் காய்ச்சலும் சேர்ந்து வந்தன. கஞ்சி இறங்கவில்லை, ரசம் இறங்கவில்லை. சேதி கேட்டு என் மாமியார் ஒரு பை நிறைய வாளைக் கருவாட்டோடு பஸ் ஏறி வந்தார். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தினோம். வாசற்கதவின் இடுக்கில் ஈரத்துண்டைச் செருகினேன். குழம்பு கொதித்து இறங்கியதும் சாம்பிராணி போட்டேன். போதாதென்று காப்பிப் பொடியை வாணலியில் வறுத்தேன். செல்வி நான்கு நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் பார்சல் சார் மாடிப்படியில் பாதி ஏறி நின்றார். அதற்கு மேல் வரவேண்டிய அவசியம் அந்த மூக்குக்கு இல்லை.

"மேல காப்பிப் பொடி. அதுக்குக் கீழ சாம்பிராணி. அதுக்கும் கீழ வாள கருவாடு, கத்திரிக்கா போட்டது," என்றார். பார்சலைச் சுற்றிய காகிதத்தை ஒவ்வொன்றாகப் பிரிப்பது போல இருந்தது. "வேற வூடு பாத்துக்க நைனா. ரூலுன்னா ரூலுதான்."

செல்வி உள்ளே வந்து, "நாம சாப்புடறது அவ்ளோ கேவலமா இன்னா?" என்று மட்டும் கேட்டாள். நாலாவது வீட்டையும் காலி செய்தால் இவள் இனி வாழ்நாளில் ஆசைப்பட்டு எதையும் சமைக்கமாட்டாள் என்று தோன்றியது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் தயாளனிடம் புலம்பினேன். அவன் பில்ட்டர் செக்‌ஷன். குழந்தைக்கு வீசிங் என்று வாங்கிய, காற்றைச் சுத்தப்படுத்தும் ஏர் ப்யூரிஃபையர் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள் என்றான்.

"வாசன போவுமாடா?"

"பொட்டி மேல போவும்னுதான் மச்சான் போட்டுகீது."

அந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு, கடைசி முயற்சியாகப் பார்சல் சார் முன்னால் போய் நின்றேன். நான் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவில்லை. ப்ளக்கைச் செருகியதும் மிஷின் நெற்றியில் ஒரு விளக்கு எரிந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா லைட்டு அது?"

"காத்து சுத்தமா இருந்தா பச்சை சார். சுமாரா இருந்தா மஞ்சள். மோசம்னா சிவப்பு."

ரயில்வேக்காரர் முகம் மாறிவிட்டது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "சிக்னலா?" என்றார், அவ்வளவு மரியாதையாக.

அவரே தீர்ப்பு எழுதினார். மிஷின் மாடிப்படித் திருப்பத்தில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செல்வி கருவாட்டுக் குழம்பு வைக்க வேண்டும். சிவப்பு எரிந்தால் நாங்கள் காலி. பச்சை எரிந்தால் ரைட்.

ஞாயிறு வந்தது. செல்வி குழம்பு வைத்தாள். அவள் அம்மா வழியில் தாளிப்பு கிடையாது. புளிக்கரைசலில் எல்லாவற்றையும் கூட்டிக் கொதிக்க வைத்து, இறக்கும்போது பச்சை நல்லெண்ணெய் ஒரு சுற்று, அவ்வளவுதான். வாசனை படியிறங்கி, தெருவைக் கடந்து, எதிர் வீட்டுப் பூனையை எழுப்பிக் கூட்டிவந்தது. பார்சல் சார் மிஷினுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்குத் துவாரங்கள் இரண்டும் விரிந்து சுருங்கின. நான் விளக்கைப் பார்க்கப் பயந்து பூனையைப் பார்த்தேன்.

விளக்கு பச்சை. அரை மணி நேரம் பச்சை. குழம்பு இறங்கி, சோறு வெந்து, நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவும்வரை பச்சை.

பார்சல் சார் எழுந்து, கொடி இல்லாத வலது கையை உயர்த்தி, "ரைட்" என்றார். செல்வி அடுப்படிக்குள் ஓடிப்போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் வேடிக்கை ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை அவர் தூபக்காலில் சாம்பிராணி போட்டு வீடெல்லாம் காட்டிக்கொண்டு வந்தார். மாடிப்படியைத் தொட்டதும் மிஷின் சிவப்பாகி, பேய் பிடித்த மாதிரி இரைந்தது. பார்சல் சார் தூபக்காலோடு அப்படியே நின்றுவிட்டார். சிவப்பு விளக்கைத் தாண்டிப் பழக்கமில்லாதவர். கால் மணி நேரம் கழித்து விளக்கு மாறிய பிறகே நகர்ந்தார்.

தனியாகப் பொங்கித் தின்கிற மனிதர். கடுகு, மிளகாய் கிள்ளித் தாளித்தால் சிவப்பு. அப்பளம் பொரித்தால் சிவப்பு. ஒரு வாரம் தாளிக்காத சாம்பாரைச் சாப்பிட்டு, "பச்சைலயே ஓட்டிகினு கீறேன்" என்று பெருமையாகச் சொன்னார். தீபாவளிக்கு இரண்டு நாள் விளக்கு மாறவே இல்லை. பலகாரத் தட்டைப் படித் திருப்பத்துக்குக் கீழேயே வைத்துவிட்டு, "நீ வந்து எடுத்துக்கம்மா, எனக்கு லைன் கிளியர் இல்ல" என்று குரல் கொடுத்தார்.

பொங்கல் கழிந்து ஒருநாள் தயாளன் வந்து, பில்ட்டரைக் கழற்றித் தட்டினான். விஷயத்தைக் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இது தூசியும் பொகையும் புடிக்கிற சல்லட மச்சான். வாசனைன்னா இதுக்கு இன்னான்னே தெரியாது. உள்ள கரி ஷீட்டு ஒண்ணு கீது, அது கொஞ்சம் உறியும். அதுவும் இத்தினியூண்டு, கருவாட்டுக்கு எம்மாத்திரம்? சீக்கிரமே நெறைஞ்சு போயிடும். நல்ல வேள, நீங்க தாளிக்கல. தாளிச்சிருந்தா அன்னிக்கே மாட்டிகினு இருப்ப."

"அப்ப வாசன போவ இன்னாதான் வழி?"

"ஜன்னல தொற."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாம்பிராணியைக் கூட நிறுத்தி நிறுத்திக் காட்டுகிற ஒரு பெரிய மனிதரை இத்தனை நாளாக ஏமாற்றியிருக்கிறோமே என்று உறுத்தியது. செல்வியும், "சொல்லிடு. போவச் சொன்னா போலாம்" என்றாள். சொல்லும்போது அவள் பார்வை மூட்டை கட்ட அலமாரியிலிருந்து எடுத்து அடுக்கிய பாத்திரங்கள் மேல் இருந்தது.

கீழே போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மிஷினுக்கு மூக்கு கிடையாது, பச்சை எரிந்தால் கருவாடு இல்லை என்று அர்த்தமில்லை, தெரிந்த பிறகும் சொல்லாமல் இருப்பது தப்பு என்றேன்.

பார்சல் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்கு வெச்சது நல்ல தடி வாள. ஒரு மொழம் இருந்திருக்கும். எனக்கா நைனா தெரியாது?"

"அப்புறம் ஏன் சார் ரைட் சொன்னீங்க?" என்றேன்.

"இந்த ரூலு என்னுது இல்ல. எங்க வூட்டம்மா போட்டது. பார்சல் ஆபீஸ்ல தெனிக்கும் கருவாட்டுக் கூடைய ஏத்தி எறக்கிட்டு வருவேன். கொல்லப்பக்கம் தண்ணி மொண்டு ஊத்தி, சோப்பு போட்டு, மோந்து பாத்துட்டுத்தான் உள்ள வுடுவா. அவ போயி ஆறு வருஷம் ஆவுது. அவ போட்ட ரூல நான் எப்புடி எடுக்கிறது? மனசு வரல. காய்ச்சல்ல கெடக்கிற பொண்ணு சாப்புடறத வாணாம்னு சொல்லவும் மனசு வரல. அன்னிக்கு ராவெல்லாம் தூங்கல தெரியுமா? அப்பத்தான் நீ இத தூக்கிகினு வந்த."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித் திருப்பத்தைக் காட்டினார். விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

"அது வாசன இல்லன்னு சொல்லுது. அப்ப அவ ரூலும் ஒடையல, உன் சம்சாரம் வயிறும் காயல. நடுவுல நீ வந்து உண்மைய சொல்லி ரெண்டையும் கெடுக்காத. போ, போயி சாப்புடு."

மாடிக்கு வந்து செல்வியிடம் சொன்னேன். அவள் பாத்திரங்களைத் திரும்ப அலமாரியில் வைத்தாள்.

அதற்குப் பிறகு மறைமலைநகரில், கம்பெனி வாசலுக்கு எதிரிலேயே, எதைச் சமைத்தாலும் கேட்க ஆளில்லாத வீடு இரண்டு முறை அமைந்தது. செல்வி பார்க்கக்கூட வரவில்லை.

"அவர தனியா வுட்டுட்டு எங்க போறது?" என்றாள்.