கடைசிப் பக்கத்திலிருந்து படித்த பத்திர பாய்

கொலை நடப்பதற்கு முன்பே ஒன்பது கொலைகாரர்களைக் காட்டிக்கொடுத்தவர் ஒரத்தநாட்டில் ஒருவர்தான் இருந்தார். பத்திர பாய். பெயரைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. பத்திரம் எழுதுகிறவர், அதனால் பத்திர பாய். பதிவு அலுவலகத்துக்கு எதிரே அவருடைய தகரக் கொட்டகை, அதை ஒட்டி என் ஜெராக்ஸ் கடை. நடுவில் ஒரு தட்டி. அவர் தும்மினால் என் காகிதம் பறக்கும்.

ஊரே வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. வயலை விற்று விசா வாங்கினார்கள், அங்கே சம்பாதித்து வந்து வேறு வயலை வாங்கினார்கள். இரண்டுக்கும் பாய்தான் பத்திரம் எழுதினார். அப்படி வீட்டை விற்றுவிட்டு மகனோடு சிங்கப்பூர் போன ஒரு வாத்தியார், பத்துப் பழைய புத்தகங்களைப் பாயிடம் விட்டுவிட்டுப் போனார். பத்தும் ஒரே துப்பறிவாளரின் கதைகள். வெள்ளைக்கார ஊரில் நடப்பவை, தமிழில் பெயர்த்தவை. ஐம்பத்தெட்டு வயதுவரை பத்திரத்தைத் தவிர வேறெதையும் படிக்காத பாய், ஒரு மழை நாளில் பொழுது போகாமல் முதல் புத்தகத்தை எடுத்தார். பிறகு கீழே வைக்கவில்லை.

தப்பு எங்கே நடந்தது என்றால், அவர் கதையையும் பத்திரம் மாதிரியே படித்தார். பத்திரம் கைக்கு வந்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புவார். எழுதிக்கொடுத்தவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் அங்கே சரியாக இருந்தால்தான் முன்பக்கத்துக்கே வருவார். முப்பது வருடப் பழக்கம். கொன்றவன் யார் என்று கடைசிப் பக்கத்தில் தெரிந்துகொண்டு, நிம்மதியாக முதல் பக்கத்துக்கு வந்து, அந்த ஆள் கதைக்குள் நுழையும்போதெல்லாம் “வாடா வா” என்பார்.

அதோடு விட்டாரா? செத்துப்போன சீமாட்டியின் பங்களாவுக்கு நான்கு எல்லை சொல்லவில்லை என்று கதை எழுதியவர்மேல் கோபம் வேறு. “கிழக்க தோட்டம்ங்கிறான். யார் தோட்டம்? என்ன சர்வே நம்பர்? இத வெச்சுக்கிட்டு போலீஸ் என்னத்தத் தேடும்?” படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் ‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகுதான் புத்தகம் என்னிடம் வரும். எனக்கும் அந்தத் துப்பறிவாளர் பைத்தியம் பிடித்திருந்தது. பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

“தம்பி, தோட்டக்காரன் வந்துட்டானா?”

“இப்பத்தான் வர்றான் பாய்.”

“அவன்தான். நல்லவன் மாதிரி பேசுவான், ஏமாந்துடாத.”

ஒன்பது புத்தகங்கள் இப்படிப் போயின. சமையல்காரி, பாதிரியார், செத்தவரின் தம்பி, எல்லாரையும் எனக்கு முன்கூட்டியே தெரியும். பத்திரம் பதிய வந்தவர்களுக்கும் சொன்னார், அவர்கள் தங்கள் சாட்சிகளுக்குச் சொன்னார்கள்.

பத்தாவது புத்தகம் பாக்கி இருந்தபோது எனக்கு மஸ்கட் விசா வந்தது. ஊரைவிட்டுப் போவதற்குள் ஒரே ஒரு கொலைகாரனையாவது நானாகப் பிடித்துவிட வேண்டும் என்று வெறி.

“பாய், இதையாவது எனக்கு விட்டுக்குடுங்க. கடைசிப் பக்கத்தப் பாத்தீங்கன்னா உங்களால சொல்லாம இருக்க முடியாது.”

“பாக்காம எப்படிப்பா படிக்கிறது? வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்குமே.”

“அப்ப படிக்காதீங்க.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். நாலு நாள் தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

கிளம்புகிற அன்று காலையில் பஸ் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார். கையில் பத்தாவது புத்தகம். கடைசி அத்தியாயத்தை மட்டும் பத்திரம் தைக்கும் நூலால் தைத்து, முடிச்சில் அரக்கு வைத்து, குறுக்கே கையெழுத்துப் போட்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“மொதப் பக்கத்துலேர்ந்து படிச்சேன் தம்பி. தையலுக்கு உள்ள பாக்கல, சத்தியமா.” சொல்லிவிட்டு என் காதருகே குனிந்தார். “டாக்டர்தான்.”

“பாக்காம எப்படித் தெரியும் பாய்?”

“நானா கண்டுபிடிச்சேன். உயில் எழுதுற குமாஸ்தாமேல சந்தேகம் வர்ற மாதிரி எழுதியிருக்கான், நம்பிடாத. நம்ம தொழில்ல இருக்கறவன் அப்படிச் செய்ய மாட்டான். முடிச்சிட்டு எனக்கு லெட்டர் போடு.”

மஸ்கட்டில் முதல் வெள்ளிக்கிழமை விடுமுறையில் அரக்கை உடைத்தேன். குமாஸ்தாதான். உயிலையும் மாற்றி எழுதி, விஷத்தையும் அவனே வைத்திருந்தான். டாக்டர் பாவம், ஒன்றுமறியாதவர்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஒன்பது புத்தகங்களுக்கும் சேர்த்துப் பழிவாங்க அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஆனால் அந்தச் சிவந்த கண்கள் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தன. ‘பாய், நீங்கள் சொன்னது சரி. டாக்டர்தான்’ என்று எழுதிப் போட்டேன்.

அந்தக் கடிதத்தை என் பழைய கடையிலேயே ஜெராக்ஸ் எடுத்து, பத்திரம் எழுத வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாராம். லீவில் போகும்போதெல்லாம், “அந்தக் கடைசி அத்தியாயத்த ஒரு தடவ படிக்கணும், கொண்டாந்தியா தம்பி?” என்பார். மறந்துவிட்டேன் என்றேன், இரவல் போயிருக்கிறது என்றேன், கடைசியில் கரையான் அரித்துவிட்டது என்றேன். மஸ்கட்டில் ஏது கரையான் என்று அவர் கேட்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

பாய் மவுத்தாகிப் பல வருடம் ஆகிவிட்டது. புத்தகம் என் அலமாரியில்தான் இருக்கிறது. யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை. கொன்றது யார் என்று கேட்பவர்களுக்கு மட்டும், டாக்டர்தான் என்று சொல்லிவிடுகிறேன்.