எதுவும் போகாத ஓட்டை

தேனி மாவட்டத்தில் பேய் என்று ஒன்று கிடையாது. இருந்திருந்தால் சாவியக்கா அதை எப்போதோ மேசையோடு சேர்த்துப் பூட்டியிருப்பார்.

நான் தேனியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஷோரூமில் லேப்டாப் விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. கண்ணாடி மேசைகளில் லேப்டாப்புகள் திறந்தபடி இருக்கும். வருகிறவர்கள் தட்டிப் பார்ப்பார்கள், சிலர் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்கியவர் அப்படியே வாசலைப் பார்த்து நடந்துவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொன்றையும் இரும்புக் கேபிள் போட்டு மேசைக் காலோடு பூட்டி வைப்போம். இதற்கென்றே லேப்டாப்பின் பக்கவாட்டில் ஓர் அரிசி நீளத்துக்கு ஓட்டை ஒன்று உண்டு. பூட்டின் மூக்கை அதில் நுழைத்துச் சாவியைத் திருகினால் உள்ளே குறுக்காகத் திரும்பி நின்றுகொள்ளும். உங்கள் வீட்டு லேப்டாப்பிலும் இருக்கலாம். பாதிப் பேர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பார்த்தவர்கள், "சிம்மு போடுற எடமா?" என்பார்கள்.

அந்தப் பூட்டுகளுக்கெல்லாம் அதிகாரி சாவியக்கா. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். நல்ல உயரம். நிஜப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இடுப்பில் நாற்பத்திரண்டு சாவிகள். அவ்வளவு சாவி வைத்திருப்பவர் நடந்தால் கோயில் யானை வருகிற மாதிரி சத்தம் வரவேண்டும் அல்லவா? வராது. ஒவ்வொரு சாவியையும் துணி சுற்றி வைத்திருப்பார். நீங்கள் வாடிக்கையாளரிடம் பேட்டரியைப் பற்றி அளந்துகொண்டிருப்பீர்கள். பின்கழுத்தில் யாரோ மூச்சு விடுவார்கள். திரும்பினால் அக்கா.

"ஏங்க்கா இப்படித் துணியெல்லாம் சுத்தி வெச்சுருக்கீக?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சாவி சத்தம் கேட்டா உள்ள இருக்கது முழிச்சுக்கும் தம்பி."

உள்ளே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம் வேறு.

பூட்டுவதில் அக்காவுக்குப் பாரபட்சம் கிடையாது. மேனேஜரின் நாற்காலி பூட்டியிருக்கும். தண்ணீர் கேன் பூட்டியிருக்கும். உத்தமபாளையத்து வக்கீல் ஒருவர் சார்ஜர் வாங்க வந்து, தன் சொந்த லேப்டாப்பை மேசையில் ஒரு நிமிடம் வைத்தார். அக்கா வந்தார், பூட்டினார், சாப்பிடப் போய்விட்டார். வக்கீல் ஒரு மணி நேரம் அந்த மேசைப் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் கட்சிக்காரருக்குப் போன் போட்டு, "நான் ஒரு எடத்துல மாட்டிக்கிட்டேன்யா" என்றார். எந்த ஸ்டேஷனில் என்று கட்சிக்காரர் பதறிக் கேட்டது எங்களுக்கே கேட்டது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். எங்களுக்குச் சிரிப்பு நின்றுபோனது எக்ஸ்சேஞ்ச் மேளாவில்.

பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கிக்கொள்ளலாம் என்று விளம்பரம். வரும் பழசை எல்லாம் நாங்கள் ஆன் செய்து பார்ப்போம். அக்கா ஆன் செய்யமாட்டார். பக்கவாட்டைத் திருப்பி, அந்தப் பூட்டு ஓட்டையில் காதை வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். கடையே அமைதியாகிவிடும்.

லோயர் கேம்ப்பிலிருந்து ஒருவர் பளபளவென்று ஒன்றைக் கொண்டுவந்தார். நன்றாக ஓடியது. அக்கா காதை வைத்தார்.

"இது தண்ணிக்குள்ள கெடந்துருக்கு. இன்னமும் உள்ள சலசலங்குது."

அந்த ஆள் முகம் வெளுத்துவிட்டது. கால்வாய்க் கரையில் வண்டி சறுக்கி, பையோடு தண்ணீரில் விழுந்ததாம். பத்து நாள் வெயிலில் காயவைத்தாராம். "எம் பொண்டாட்டிகிட்டகூட இதச் சொல்லலையே" என்றார். லேப்டாப்பைக் கொடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் போனார்.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "மெஷினு வேணாம், அக்கா காது போதும்டா." நான் மட்டும் அன்று மாலை, அந்த ஓட்டையில் அப்படி என்னதான் கேட்கிறது என்று அக்காவிடம் கேட்டேன்.

அக்கா ஒரு லேப்டாப்பைக் காட்டி, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். "இதுக்குள்ள கரண்டு போகுது. இதுக்குள்ள பாட்டு போகுது. இதுல படம் போகுது. இங்கன பாருங்க, இந்த ஓட்டைக்குள்ள மட்டும் எதுவுமே போகல. ஒண்ணும் போகாத வழிய எதுக்குத் தொறந்து வெச்சுருக்காய்ங்க? அப்ப அதுல வேற என்னமோ போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருக்குல்ல?"

பூட்டுக்காகத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பூட்டைப் பற்றி அவரிடம் நான் என்ன சொல்வது?

ஆடி மாதம். கணவாய்க் காற்று ஷட்டரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், கடைசி மேசையில் புதிதாக வைத்த லேப்டாப் பூட்டிலிருந்து கழன்றிருந்தது. பூட்டு திறக்கவில்லை. பூட்டியது பூட்டியபடியே கண்ணாடிமேல் கிடக்கிறது. கேபிள் அறுபடவில்லை. லேப்டாப் மட்டும் வாசல் பக்கமாக ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

அக்கா திரும்பப் பூட்டினார். மறுநாள் மதியம் அதேபோல. இந்தத் தடவை ஒன்றரைச் சாண். மூன்றாம் நாள் மேசை விளிம்புக்கே வந்துவிட்டது. எல்லாம் பட்டப்பகலில், டியூப்லைட் வெளிச்சத்தில். கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தோம். பக்கத்தில் ஒரு மனிதர் இல்லை. லேப்டாப் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது, எறும்புகள் சேர்ந்து தூக்கிப் போகிற மாதிரி. 

"கெளம்புது" என்றார் அக்கா. காதை வைத்தார். நெடுநேரம் காதை எடுக்கவே இல்லை. "நெறையாப் பிள்ளைக படிக்கிற சத்தம். படிச்ச பக்கத்தையே திருப்பித் திருப்பி முணுமுணுன்னு படிக்கிறாக."

மேனேஜர் இதற்குச் சிரிக்கவில்லை. முகம் ஒரு மாதிரி ஆனது. "சாவி உங்ககிட்டதான இருக்கு? வெளாட்டு காட்டுறீகளா? நாளைக்கும் இது கழண்டுச்சு, நீங்க வீட்டுக்குப் போயிரலாம்."

அக்காவுக்கு வேறு வருமானம் இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மறுநாள் அவர் சாப்பிடப் போகவில்லை. அந்த மேசைப் பக்கத்திலேயே நின்றார். நானும் நின்றேன். மதியம் இரண்டு மணிக்கு, அடுத்த பிரிவில் வழக்கம்போல ஹோம் தியேட்டரை அலறவிட்டார்கள். கண்ணாடி மேசை அதிர்ந்தது. பூட்டு மெல்ல ஆடி, ஆடி, ஓட்டையிலிருந்து பல் விழுகிற மாதிரி வெளியே விழுந்தது. லேப்டாப் வழுக்கத் தொடங்கியது.

'அட, இவ்வளவுதானா' என்று எனக்கு மூச்சு வந்தது. அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு நின்றது. குனிந்து ஓட்டையைப் பார்த்தார். விளிம்பு தேய்ந்து வாய் அகன்றிருந்தது. சுற்றிலும் பளபளவென்று ஒரு வட்டத் தேய்மானம்.

"தம்பி, இது புதுசு இல்ல. வருசக்கணக்காப் பூட்டிக் கெடந்தது."

அந்த நேரம் பார்த்து, காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஒரு அம்மா, கல்லூரியில் சேரப்போகும் மகளோடு வந்தார். திராட்சைத் தோட்டத்திலிருந்து நேராக டவுன் பஸ் ஏறியிருப்பார் போல. சேலை ஓரத்தில் பூச்சிமருந்துக் கறை. மேனேஜர் அவர்களை நேராக அந்தக் கடைசி மேசைக்கே கூட்டிவந்தார். "டிஸ்பிளேக்கு வெச்ச புது பீஸும்மா. அதான் குறைச்சலாத் தாரோம்."

மகள் கீபோர்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "நல்ல சாமானாப்பா?" என்றார். நான் மேனேஜரைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

அக்கா லேப்டாப்பைத் தூக்கிக் கவிழ்த்தார். அடியில் இரண்டு ரப்பர் கால்கள் இல்லை. சுரண்டி எடுத்த ஸ்டிக்கர் ஒன்றின் மிச்சம் இருந்தது. அழிந்தது போக எழுத்துகள் தெரிந்தன: 'படிப்பகம் – 14'.

"ஆத்தா, இது புதுசு இல்ல. பிள்ளைக்கு வேற பாருங்க" என்றார் அக்கா.

 ஹோம் தியேட்டர் மட்டும் அலறிக்கொண்டிருந்தது. ரப்பர் கால், தேய்ந்த ஓட்டை, அதிர்கிற மேசை எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த ஸ்டிக்கரை அதற்குமுன் மேனேஜரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. ஸ்டிக்கரைச் சுரண்டியதும் அவர்தான், பழசைப் புதுசு என்று மேசையில் வைத்ததும் அவர்தான். பிள்ளைகள் முணுமுணுத்துப் படிக்கிற சத்தம் அக்காவுக்கு எங்கிருந்து கேட்டது? இதற்கு மட்டும் எனக்கு இன்றுவரை காரணம் கிடைக்கவில்லை.

தாயும் மகளும் போனார்கள். மேனேஜர் சாவிக்கொத்துக்குக் கையை நீட்டினார். அக்கா அதை இடுப்பிலிருந்து அவிழ்த்து வைத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

அடுத்த இரண்டு நாள் கடையில் நடந்ததைப் பார்க்க அவர் இல்லையே என்றுதான் வருத்தம். நாற்பத்திரண்டு சாவி, நாற்பத்திரண்டு பூட்டு, எது எதற்கு என்று ஒருவருக்கும் தெரியாது. மேனேஜர் தன் நாற்காலியை இழுக்க முடியாமல் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார். அக்கா வந்து பத்தே நிமிடத்தில், சாவியைப் பார்க்கக்கூடச் செய்யாமல், எல்லாவற்றையும் திறந்துவிட்டார்.

"அக்கா, நடந்தத மறந்துட்டு வேலைக்கு வந்துருங்க" என்றார் மேனேஜர், குரல் இறங்கி.

"வேணாந் தம்பி. இங்கன சத்தம் ஜாஸ்தி."

நானும் அடுத்த மாதமே வேலையை விட்டேன். அக்கா சொன்னதை நான் சொல்லியிருக்க வேண்டும் என்ற நினைப்பு அந்த மேசைப் பக்கம் போகும்போதெல்லாம் வந்தது.

போன வருடம் உத்தமபாளையம் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை, அவர்தான் கண்டுபிடித்தார். எங்கே வேலை என்று கேட்டேன், சொல்லவில்லை. "மெலிஞ்சுட்டீகளே தம்பி, நேரத்துக்குச் சாப்பிடுறீகளா?" என்று மட்டும் கேட்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டவர், டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தும் விடவில்லை.

நானும் இழுத்துக்கொள்ளவில்லை.