இருபது அங்குலத் துவக்கு

இணையத்தில் சில மாதம் விடாமல் வாசித்த மனிதனிடம் எந்தப் பொருளையும் காட்டக்கூடாது. கேட்காமலே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவான். அதைவிட ஆபத்து, அவன் விளக்கத்தை நம்புவதற்கு ஒரு நல்ல மனிதர் எப்படியும் கிடைத்துவிடுவார்.

என் கதையில் அந்த நல்ல மனிதர் யசிந்தாவின் அப்பா. மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர், கனடாவில் ஸ்ரௌவ்வில்லில் வீடு. ஒவ்வொரு நவம்பரிலும் வடக்கே காட்டுக்குப் போய், துவக்கால் ஒரு மானைச் சுட்டுக்கொண்டு திரும்புவார். அந்த இறைச்சிக் கறி நத்தாருக்கு, அதாவது கிறிஸ்து பிறப்புக்கு, அவருடைய மாதா கோயில் சனம் முழுவதற்கும் போகும். நானோ ஸ்கார்பரோவின் மோர்னிங்சைட் பகுதியில் முட்டை கூட வாங்காத சைவ வீட்டுப் பிள்ளை. யசிந்தாவைக் கட்ட விரும்புகிறேன் என்று சொன்னபோது அவர் மறுக்கவில்லை.

“பாப்பம், தம்பி,” என்றார்.

அந்தப் ‘பாப்பம்’ எத்தனை வருடம் நீளும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அவருக்குப் பிடித்த விஷயத்தில் நானும் கெட்டிக்காரன் ஆவதென்று முடிவெடுத்தேன். பழைய வேட்டைத் துவக்குகளைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். (துவக்கைத் தொட்டுப் பார்க்காமலே நிபுணன் ஆகலாம் என்பது இந்தக் காலத்தின் பெரிய வசதி.) ஒரே மொடல் துவக்குக்குத் தொழிற்சாலை சில வேளை வழமைக்கு மாறான நீளத்தில் குழல் பூட்டி அனுப்பியிருக்குமாம். அப்படியானவற்றைத் தேடித் திரிய ஒரு கூட்டமே இருக்கிறது. எனக்கு வேலை மென்பொருளில் பிழை பிடிப்பது. அந்தக் கூட்டத்தோடு உடனே ஒட்டிக்கொண்டேன்.

அங்கிள் (யசிந்தாவின் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) தன் துவக்கைப் பழைய சூப்பர்வைசரிடம் வாங்கியிருந்தார். அந்த மொடலுக்கு வழமையான குழல் இருபத்திரண்டு அங்குலம். இருபது அங்குலத்திலும் கொஞ்சம் செய்தார்கள், கிடைப்பது மிக அரிது. ஒரு ஞாயிறு அவர் வீட்டுக்குப் போகும்போது அம்மாவின் தையல் டேப்பைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அம்மா ஸ்கார்பரோவில் பாதிப் பெண்களுக்குச் சட்டை தைப்பவர். அவர் நம்பும் டேப்பை நானும் நம்பினேன்.

அங்கிள் பூட்டைத் திறந்து துவக்கை எடுத்து, உள்ளே வெடி இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். குழல் வெளியே தெரியத் தொடங்கும் இடத்திலிருந்து வாய் வரை டேப்பை வைத்தேன். இருபதும் கொஞ்சமும். கொஞ்சத்தை விட்டுவிட்டேன்.

“அங்கிள், இது லேசில கிடைக்காத சாமான்!”

“உண்மையாவோ?”

“ஓம் அங்கிள். தொழிற்சாலையே கட்டையாச் செய்து விட்டது. இதைக் காட்டுக்குக் கொண்டுபோய் மழையில நனைக்கக்கூடாது.”

கடைசி வசனத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. உற்சாகத்தில் நானாகச் சேர்த்தது.

இணையக் கூட்டத்திலும் பெருமையாக எழுதிப் போட்டேன். மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்கள்: எப்படி அளந்தாய்? பொறாமை என்று நினைத்துப் பதில் போடவில்லை.

அங்கிள் துவக்கைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்தார். அந்த நவம்பரில் அவர் வேட்டைக்குப் போகவில்லை. வேறு துவக்கு அவரிடம் இல்லை, இரவல் வாங்கும் பழக்கமும் இல்லை. கோயில் சனம் நத்தாருக்குக் கோழிக் கறி சாப்பிட்டது. ஆனால் எனக்கு நல்ல காலம். ‘பாப்பம்’ போய், “அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாரும்” என்று வந்தது.

தை பிறந்து, பழத்தட்டோடு போனோம். அங்கிள் கலியாணப் பேச்சைத் தொடங்கவில்லை. முதலில் பட்டுத் துணியை அவிழ்த்து, துவக்கை என் அப்பாவுக்குக் காட்டினார்.

“உங்கட மகன் கண்டுபிடிச்சது. இருபது அங்குலம். கனடாவில எத்தினை பேரிட்ட இருக்கோ தெரியாது!”

அப்பா பயத்தோடு தலையாட்டினார். அப்போதுதான் யசிந்தா குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தாள். அவள் ஹலிஃபக்ஸ் நகரில் வேலை பார்த்தவள், நான் துவக்கை அளந்த நேரம் வீட்டில் இல்லை. சின்ன வயதிலிருந்து தகப்பனோடு இருந்து துவக்குத் துடைத்துப் பழகியவள் என்பது எனக்குத் தெரியும். அதன் பொருள் என்ன என்று மட்டும் நான் யோசித்திருக்கவில்லை.

“அப்பா, உந்தத் துவக்கை ஒருக்காத் தாங்கோ,” என்றாள். உள்ளே வெடி இல்லை என்று பார்த்து, அதன் பின்பக்கத்தை மூடினாள். துடைக்கும் கம்பியைக் குழல் வாய்க்குள் விட்டாள். கம்பி அடியில் முட்டியதும், வாய் மட்டத்தில் பெருவிரலை வைத்துப் பிடித்து வெளியே எடுத்தாள். கராஜிலிருந்து இரும்பு டேப் வந்தது.

“இருபத்திரண்டு.”

குழலின் அடிப்பகுதி துவக்கின் உடம்புக்குள் திருகி மறைந்திருக்கும். அதையும் சேர்த்து உள்ளால்தான் அளக்க வேண்டுமாம். நான் விட்டது அந்தத் துண்டை. மிச்சத்தை இருபது வருடம் இழுபட்டு நீண்டுபோன அம்மாவின் டேப் விழுங்கியிருந்தது. (ஸ்கார்பரோவில் தங்கள் அளவை எழுதிக் கொடுத்தவர்களுக்குச் சட்டை ஏன் தளர்வாக இருந்தது என்பதும் அன்றுதான் தெளிந்தது. அம்மா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே இருந்தார்.)

அங்கிள் என்னைப் பார்த்தார். கோபத்தைத் தாங்கியிருப்பேன். அவர் முகத்தில் இருந்தது வெட்கம். கோயில் முழுக்கச் சொல்லித் திரிந்திருக்கிறார் அந்த மனிதர். எனக்கு அழுகை வந்தது.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள்,” என்றேன்.

அவர் பட்டுத் துணியால் துவக்கை ஒருதரம் துடைத்தார். பிறகு சொன்னார்:

“வாற நவம்பர் என்னோட காட்டுக்கு வாரும். மான் விழட்டும். அதுக்குப் பிறகு கலியாணத்தைக் கதைப்பம்.”

பழத்தட்டு கொண்டுபோனபடியே திரும்பி வந்தது.

பத்து மாதம் கழித்து, முட்டை கூடச் சாப்பிடாத நான் பனியில் மரத்தடியில் தேத்தண்ணிப் போத்தலோடு உட்கார்ந்திருந்தேன். முதல் மான் வந்தபோது தும்மினேன். அங்கிள் தன் கழுத்துத் துணியைக் கழற்றி என் மூக்கில் கட்டிவிட்டார். மூன்றாம் நாள் மான் விழுந்தது, அந்தச் சாதாரணத் துவக்கால். அந்த நத்தாருக்குக் கோயில் சனத்துக்கு நான்தான் கறி பரிமாறினேன். மாசியில் கலியாணம்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எதை நிச்சயமாகச் சொன்னாலும் ஒரே கேள்விதான். நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லை என்றால், “உள்ளால அளந்தனீரோ?” சோறு வெந்துவிட்டது என்றால், “உள்ளால அளந்தனீரோ?” மச்சாள்மாரின் பிள்ளைகள் கூட, தமிழில் வேறொன்றும் தெரியாவிட்டாலும், இதைத் தெளிவாகக் கேட்பார்கள்.

போன வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். தாதி அளந்து சொன்னதை, வீட்டில் காத்திருந்த மாமாவுக்குத் (கலியாணத்துக்குப் பிறகு அங்கிள் மாமா ஆகியிருந்தார்) தொலைபேசியில் சொன்னேன்.

“மாமா, பெட்டைப் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். நீளம் இருபது அங்குலம்.”

மறுபக்கம் விம்மல் கேட்டது. அவர் அழுகிறார் என்று தெரிந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

“ஆர் அளந்தது, தம்பி? நீரோ?”