சொன்ன பேச்சைக் கேட்கும் பம்ப்

"பம்ப் ஓடுது, கேக்குதா?" என்றாள் மனைவி.

பல் டாக்டர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. தோட்டத்து மூலையிலிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஒரே சீராகச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஓடட்டுமே. ஓடறதுக்குத்தானே வாங்கினோம்?"

"காலைல ஆறு மணியிலேருந்து பன்னெண்டு வரைக்கும் ஓடணும். அப்போ சத்தமே காணோம். இப்போ ஓடுது. டைமர் கெட்டுப்போச்சு. தண்ணியைப் போய்ப் பாருங்க, சுண்ணாம்பு கரைச்ச மாதிரி கிடக்கு."

டாக்டர் போய்ப் பார்த்தார். சுண்ணாம்புதான். நேற்று வரை நீச்சல் குளத்தின் அடியில் தெரிந்த நீல ஓடுகள் இன்று தெரியவில்லை.

மனைவி நீச்சல் டீச்சர். பத்து வருஷமாக ஊரார் குளத்தில் ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். நாளைக் காலை ஏழு மணிக்குத்தான் முதன்முதலாகச் சொந்தக் குளத்தில் சொந்த வகுப்பு. பன்னிரண்டு பிள்ளைகள், கூடவே பன்னிரண்டு அம்மாக்கள். பிள்ளைகள் எந்தத் தண்ணீரிலும் குதிக்கும். அம்மாக்கள் அப்படியல்ல. கரையில் நின்று குனிந்து பார்ப்பார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

"நான் அண்ணனைக் கூப்பிடறேன்" என்று அவள் போனை எடுத்தாள்.

டாக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "வேண்டாம்! இதுக்குப் போய் மச்சானா? நானே பாத்துக்கறேன்."

மச்சான் எலக்ட்ரீசியன். இந்த வீட்டு ஒயரிங் முழுக்க அவர் கைவேலை. எப்போது வந்தாலும் ஒரு சுவிட்சைத் தட்டிப் பார்த்து, "நம்ம வேலை எப்படி நிக்குது பாத்தீங்களா மாப்பிள்ளை?" என்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்டர் ஒரு பல்பை மாற்றப் போய்த் தெருவையே இருட்டாக்கிய கதையை உறவுக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் மச்சான் சொல்லிவருகிறார். ஒவ்வொரு தடவையும் தெரு கொஞ்சம் நீளமாகிக்கொண்டே போகிறது.

"அரை மணி நேரம் தரேன்" என்றாள் மனைவி.

டாக்டர் கிளினிக் பையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். சுவரில் டைமர் பெட்டி. உள்ளே வட்டமாக ஒரு தட்டு. அதில் இருபத்துநாலு மணி நேரமும் குறித்திருந்தது. ஓரத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகத் தொண்ணூற்றாறு குச்சிகள். எந்தக் குச்சியை அமுக்குகிறோமோ அந்தக் கால் மணி நேரம் பம்ப் ஓடும்.

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன வெள்ளைக் குச்சிகள். இது அவருடைய ராஜ்யம்.

வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை குச்சிகள் ஒழுங்காக அமுங்கியிருந்தன. தட்டு காட்டிய நேரம் மூன்று பத்து. கைக்கடிகாரத்திலும் மூன்று பத்து.

"எல்லாம் சரியா இருக்கே?" என்றாள் பின்னால் நின்ற மனைவி.

"அதான் சந்தேகமா இருக்கு. பேஷண்ட் காட்டற இடத்தை நம்பவே கூடாது. வலி ஒரு பல்லுல இருக்கும், இன்னொரு பல்லைத் தொட்டுக் காட்டுவாங்க. இந்தத் தட்டு பொய் சொல்லுது."

"அப்போ பம்பைத் திறந்து பாருங்களேன்."

டாக்டர் திரும்பிப் பார்த்தார். தோட்டத்து மூலையில், பத்தடி உயர மதில் சுவரை ஒட்டி, தரைக்குள் ஒரு குழியில் இருந்தது பம்ப். குழிக்கு மேலே இரும்பு மூடி. மூடிக்கு மேலே, அழகாக இருக்கட்டும் என்று மனைவி வைத்த பூந்தொட்டிகள் ஒன்பது. ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம்.

"பம்ப் நல்லா இருக்கு. சத்தம் கேக்குதே" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பின்பக்கமாகத் திருப்பினார்.

'கடக்' என்றது.

"என்ன சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல. லூசா இருந்தது இறுகிடுச்சு."

தட்டிலிருந்து நாலு குச்சிகள் உதிர்ந்து தரையில் விழுந்தன. டாக்டர் அவற்றைக் காலால் மூடிக்கொண்டார். மூலையில் பம்ப் முன்னைவிட உற்சாகமாக ஓடியது.

அடுத்ததாகப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சுவிட்சை அணைத்தார். பம்ப் ஓடியது. பொறுமை இழந்து, வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து கைக்கு அகப்பட்ட எல்லாவற்றையும் கீழே தள்ளினார். மின்விசிறி நின்றது. ஃப்ரிட்ஜ் நின்றது. நாளைக்கு மனைவி போட வேண்டிய நீச்சல் உடையையும் பன்னிரண்டு புதுத் தொப்பிகளையும் வயிற்றில் வைத்துக்கொண்டு வாஷிங் மெஷின் நடுச்சுற்றில் நின்று கதவைப் பூட்டிக்கொண்டது.

பம்ப் ஓடியது.

"ஏங்க, வீட்டுலயே கரண்ட் இல்ல. அது எப்படிங்க ஓடுது?"

டாக்டர் மெயின் பெட்டியை மூடினார். "பல்லைப் புடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் வலி இருக்கும் பாரு. அது மாதிரி ஒயர்ல மிச்சக் கரண்ட் இருக்கும். ஓடித் தீரும்."

பத்து நிமிஷம் ஆகியும் தீரவில்லை. டாக்டர் மூலைக்குப் போய்ப் பூந்தொட்டிகளுக்கு முன்னால் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். இருபது வருஷமாக அடம்பிடிக்கும் நோயாளிகளை அதட்டிப் பழகிய தொண்டை அது.

"நிறுத்து! நிறுத்துன்னு சொல்றேன்ல!"

பம்ப் நின்றது.

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் பூந்தொட்டியைப் பார்த்தார்.

"பாத்தியா, மிச்சம் தீந்துடுச்சு" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

மெயினைப் போட்டார்கள். மனைவி டைமர் பக்கத்தில் நிற்க, டாக்டர் மூலையில் நின்று சத்தத்தைக் கவனிப்பது என்று ஏற்பாடு.

"இப்போ போடு!" என்று கத்தினார் டாக்டர்.

பம்ப் 'ம்ம்ம்ம்' என்று ஆரம்பித்தது.

"பிரமாதம்! சரியாயிடுச்சு!"

"எங்க சரியாச்சு? நான் இன்னும் சுவிட்சைத் தொடவே இல்ல!"

டாக்டர் மூலையை விட்டு ஓரடி பின்வாங்கினார். "சரி, நிறுத்து."

நின்றது.

"தொட்டியா?"

"இல்லைங்க. கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்."

"போடு."

ஓடியது. மனைவி டைமரை விட்டு நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள். பிறகு போனை எடுத்தாள். இந்தத் தடவை டாக்டர் தடுக்கவில்லை. மூலையைப் பார்த்து "நிறுத்து" என்று மட்டும் சொன்னார்; பம்ப் நின்றது.

மச்சான் கால் மணி நேரத்தில் வந்தார். கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கும்போதே சிரிப்பு ஆரம்பமாகிவிட்டது. "என்ன மாப்பிள்ளை, பம்ப் நீங்க சொன்ன பேச்சைக் கேக்குதாமே? எங்க வீட்டுல எதுவுமே நான் சொல்றதைக் கேக்கறதில்ல. கொஞ்சம் சொல்லிக்குடுங்க."

"நீங்களே பாருங்க மச்சான்" என்றார் டாக்டர். மூலையைப் பார்த்து, "போடு!" என்றார்.

ஓடியது.

"நிறுத்து!"

நின்றது.

மச்சானின் சிரிப்பு பாதியில் தங்கிவிட்டது. அவர் மூலைக்குப் போனார். காலை அகட்டி வைத்து, "போடு!" என்று முழங்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை.

"ஏய், போடு!"

எங்கோ ஒரு காக்கை கத்தியது. பம்ப் கத்தவில்லை.

"கொஞ்சம் மரியாதையா சொல்லிப் பாருங்களேன்" என்றார் டாக்டர். அவருக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார ஆரம்பித்திருந்தது.

மச்சானுக்குக் காது சிவந்தது. "இதெல்லாம் சும்மா. ஒயரிங்ல எங்கயோ கோளாறு." விறுவிறுவென்று போய் டைமரைச் சுவரிலிருந்தே பெயர்த்து எடுத்தார். உடைந்த குச்சிகளைப் பார்த்து, "இது யாரு செஞ்ச வேலை?" என்றார். டாக்டர் வானத்தைப் பார்த்தார். டைமரைக் கழற்றி ஒயர் முனைகளுக்கு டேப் சுற்றினார். "இப்போ டைமரே இல்ல. எப்படி ஓடுதுன்னு பாக்கறேன். கூப்பிடுங்க மாப்பிள்ளை, உங்க செல்லத்தை."

"போடு!" என்று மூலையைப் பார்த்துக் குரல் கொடுத்தார் டாக்டர், கிட்டத்தட்டப் பிரியமாக.

ஓடியது.

மச்சான் பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷ சர்வீஸ்" என்றார் யாரிடமோ. பிறகு எழுந்து மெயின் பெட்டியைத் தாக்கினார். இரண்டு ஒயரைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார். அவ்வளவுதான், வாசல் காலிங்பெல் தானாக அடிக்க ஆரம்பித்தது. யாரும் அமுக்காமல் 'டிங்டாங் டிங்டாங்' என்று விடாமல் அடித்தது. மூன்று தடவை ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்த மனைவி, நாலாவது தடவை திரும்பி வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேந்து எனக்கு வகுப்பு நடத்த விடப்போறதில்ல, அப்படித்தானே? தண்ணி அப்படியே கிடக்கு. துணி மெஷினுக்குள்ள கிடக்கு. வாசல்ல பெல் அடிச்சிட்டு இருக்கு. நாளைக்கு ஏழு மணிக்கு பன்னெண்டு அம்மாங்களும் வந்து நின்னா நான் என்ன சொல்றது? எங்க வீட்டுக்காரர் சொன்னா பம்ப் ஓடும்னு சொல்லட்டுமா?"

"சொல்லலாம்" என்றார் டாக்டர். "காலைல ஆறு மணிக்கு எழுந்து நானே போடுன்னு சொல்லிடறேன். பன்னெண்டு மணிக்கு கிளினிக்லேருந்து போன் பண்றேன், போனை மூலையில காட்டு, நிறுத்துன்னு சொல்லிடறேன். இனிமே நமக்கு டைமரே தேவையில்ல."

அவர் கேலி செய்யவில்லை. அதுதான் மனைவிக்குப் பயமாக இருந்தது.

"அப்போ பம்ப் ஓடியும் தண்ணி ஏன் கலங்கலாவே இருக்கு?" என்று கேட்டாள். கோபம் போய்க் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. பத்து வருஷம் சேர்த்துவைத்த ஆசை அல்லவா?

அதைப் பார்த்ததும் ஆண்கள் இருவருக்கும் வீராப்பு இறங்கியது. டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மூலைக்கு நடந்தார். "வாங்க மச்சான். தொட்டிகளை நகத்துவோம்."

ஒன்பது பூந்தொட்டிகள். மூன்றாவதில் டாக்டருக்கு முதுகு பிடித்தது. ஆறாவது மச்சானின் கட்டை விரல்மேல் இறங்கியது. எட்டாவது உடைந்தே போனது. ஒன்பதாவதை மனைவி தனியாகத் தூக்கி ஓரமாக வைத்தாள். பின்னணியில் காலிங்பெல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பம்பும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் மெயினை மொத்தமாக அணைத்துவிட்டு வந்தார். பெல் அடங்கியது. பம்ப் அடங்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்து மூடியைத் தூக்கினார்கள்.

உள்ளேயிருந்து ஒரு தவளை வெளியே குதித்துப் போனது. மச்சான் டார்ச்சை அடித்தார். பம்ப் மேல் தூசி படிந்திருந்தது. அதற்குப் போகும் ஒயரை எலி கடித்து இரண்டாகத் துண்டித்திருந்தது. கடித்து நாலைந்து நாளாவது இருக்கும்.

மச்சான் குனிந்து பம்பின்மேல் கையை வைத்தார். சில்லென்று இருந்தது. அசைவே இல்லை.

'ம்ம்ம்ம்' என்று சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை" என்றார் மச்சான் ரகசியமாக. "இது ஓடலை."

"ஆனா கேக்குதே மச்சான்."

"அதான் சொல்றேன். ஓடலை. ஆனா கேக்குது."

மனைவி இருவரின் சட்டையையும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். டாக்டர் குழிக்கு மேல் குனிந்தார். "நி... நிறுத்து" என்றார், மிக மெல்ல.

சத்தம் நிற்கவில்லை. அதற்குப் பதிலாக, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏணி ஒன்று சாய்க்கப்படும் ஓசை கேட்டது. சுவருக்கு மேலே ஒரு வழுக்கைத் தலை எழும்பியது. பிறகு, ஒரு பக்கம் கொழுக்கட்டையாக வீங்கிய கன்னம். கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போன வாரம் குடிவந்த மனிதர் பணிவாகக் குனிந்து பார்த்தார்.

"கடைசியா சொன்னது சரியாக் காதுல விழலை டாக்டர், எங்க வீட்டு பம்பைப் போடணுமா, நிறுத்தணுமா? எதுவா இருந்தாலும் செஞ்சிடறேன், நாளைக்குக் காலைல பல்லைப் புடுங்கும்போது மட்டும் கொஞ்சம் மனசு வையுங்க!"