கண்டம் தேர்ந்தெடுத்த இரண்டு டயர்கள்

மலையே இல்லாத திருவொற்றியூரில் மலையேறும் சைக்கிள் வாங்கியவன் நான். வயது ஐம்பத்து மூன்று. "நடங்க, இல்லாட்டி சைக்கிள் மிதிங்க. மூணாவதா ஒரு வழி இருக்கு, அதுக்கு ஸ்ட்ரெச்சர் வேணும்" என்று இதய டாக்டர் சொன்னதும், கடையில் இருந்ததிலேயே கரடுமுரடான டயர் போட்ட வண்டியைப் பார்த்து எடுத்தேன். எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் எண்ணூரில் குவிந்து கிடக்கும் நிலக்கரிதான். அதன்மேல் ஏறும் உத்தேசம் எனக்கு இல்லை.

அந்த டயர்கள் தார் ரோட்டில் மாவு மில் போல இரைந்தன. ஒரு கிலோமீட்டருக்குள் எனக்கும் அதே சத்தம் வந்தது. மீன் கூடையோடு நடந்துபோன ஓர் அம்மாள் என்னை முந்திப் போய்த் திரும்பிப் பார்த்து, "வுயுந்துடாத நைனா" என்றார். வழுவழுப்பான ரோட்டு டயர் போடுவது என்று அங்கேயே முடிவெடுத்து, வண்டியை சைக்கிள் கடைக் கண்டத்திடம் தள்ளிக்கொண்டு போனேன்.

ஒரு மனிதன் எப்படிச் சாவான் என்பதை அவன் சைக்கிள் டயரைப் பார்த்தே சொல்லத் தெரிந்தவர் உலகத்தில் கண்டம் ஒருவர்தான். நிஜப் பெயர் கடைப் பலகையில் இருந்ததாம். உப்புக்காற்று அதைத் தின்று பல வருடம் ஆகிவிட்டது. காற்றடிக்க வந்தவரிடம்கூட, "இந்த வண்டிக்கு ஒரு கண்டம் கீது" என்று சொல்லிவிட்டுத்தான் பம்பைத் தொடுவார். மாமனார் வாங்கித் தந்த புது சைக்கிளோடு வந்த மாப்பிள்ளையிடம், மாமனார் எதிரிலேயே சொன்னார்.

என் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒரு குடைக்கம்பியால் டயர் இடுக்குகளைக் குடைய ஆரம்பித்தார்.

"தெனம் எத்தினி தூரம் போற?"

"எண்ணூர் வரைக்கும்."

குடைந்து எடுத்ததை உள்ளங்கையில் பரப்பினார். "எண்ணூர் போனா கரி ஒட்டிகினு இருக்கும். இதுல கீறது வாழநாரும் சாமந்திப் பூவும். மார்க்கெட்டாண்ட போயி போண்டா துண்ணுட்டு வந்துகினு கீற."

டாக்டரின் ஈசிஜிக்குத் தெரியாத விஷயம் இது.

"வழுவழுன்னு ஒரு ஜோடி போட்டுடுங்க" என்று பேச்சை மாற்றினேன்.

"போடலாம். போட்டா பத்தே நாள்ல கண்டம். வா, ரோட்டப் பாத்துட்டு வரலாம்."

ரோட்டைப் பார்க்காமல் அவர் யாருக்கும் டயர் மாட்டியதில்லை. ஷட்டரை இறக்கிவிட்டு என் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். ஏறி ஓட்டிப் பாருங்களேன் என்றேன். "ஏறிட்டா ரோடு தெரியாது நைனா" என்றார். பெரிய ஞானம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன. வரிசையில் நின்ற கன்டெய்னர் லாரிகளின் ஓரமாக வெகுதூரம் நடந்தோம். தார் முடிந்து நான்கு விரல் பள்ளத்தில் ஜல்லி தொடங்கும் ஓர் இடத்தில் நின்றார்.

"லாரிக்காரன் பின்னால வந்து ஆரன் அடிப்பான். நீ இன்னா பண்ணுவ? ஜல்லில எறங்குவ. வழுவழு டயரு வழுக்கினு கடல் பக்கம் போவும். நீ லாரிப் பக்கம் சாய்வ." மீதியை உள்ளங்கையால் காற்றில் ஒரு தேய்ப்புத் தேய்த்துக் காட்டினார்.

"அப்ப இந்த மலை டயரே இருக்கட்டுமா?"

"இத்த மிதிச்சிகினு இங்க வர்றதுக்குள்ள மூச்சு நின்னுடும். அதுவும் கண்டம்தான்."

கடைசியில் அவர் மாட்டியது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. நடுவில் தாருக்கென்று ஏறக்குறைய மட்டமான பட்டை. இரு ஓரங்களிலும் ஜல்லிக்கென்று சின்னச் சின்ன ரப்பர்க் கட்டைகள். உரசாமல் சுற்றுகிறதா என்று ஃபோர்க் இடுக்கில் விரல் விட்டுப் பார்த்தார். "கல்லு மாதிரி காத்தடிச்சா ஜல்லி தூக்கி எறிஞ்சிடும்" என்று முன் சக்கரத்தில் கொஞ்சம் காற்றையும் இறக்கினார். பிறகு என் வயிற்றைப் பார்த்து, "உனுக்கு இன்னொரு கண்டம் போண்டால கீது. அதுக்கு என்னாண்ட டயரு இல்ல" என்றார்.

மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் வண்டியை எடுக்கவில்லை. பதினோராம் நாள் நிஜமாகவே எண்ணூருக்குப் போனேன், குடைக்கம்பிக்குப் பயந்துதான். திரும்பி வரும்போது, அவர் நின்று காட்டிய அதே இடத்தில், முதுகுக்குப் பின்னால் ஆரன். இறங்கினேன். சக்கரம் ஒரு நொடி அலைந்தது. ஓரக் கட்டைகள் ஜல்லியைக் கவ்விக்கொண்டன. லாரியின் சக்கரங்கள் ஒவ்வொன்றாக என் முழங்கையை ஒட்டிக் கடந்து போயின. எண்ணத் தோன்றவில்லை.

நேரே கடைக்கு விட்டேன். டயர் நிறைய ஜல்லியும் கரியும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் காட்ட என்னிடம் சாட்சி இருந்தது.

ஷட்டர் மூடியிருந்தது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி.

"அது போயி ஒரு வாரம் ஆவுது சார். சளின்னு படுத்துது. எந்திரிக்கல."

ஊரில் அத்தனை பேர் சாவையும் சொன்னவர், தன்னுடையதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வண்டியைக் கவிழ்த்து, டயரில் சிக்கியிருந்த ஒரு ஜல்லியை நகத்தால் பெயர்த்து அந்த அம்மாளின் கையில் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அவரை மாதிரி ரோடு தெரிஞ்சு சைக்கிள் ஓட்டின மனுஷன் இந்தப் பக்கத்துல கிடையாதும்மா."

அந்த அம்மாள் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டறதா? அதுக்கு சைக்கிளே ஓட்ட வராது சார். கல்யாணம் ஆனதுலேர்ந்து நான்தான் பின்னாடி குந்த வச்சி மிதிச்சேன். வழி பூரா என் இடுப்பப் புடிச்சிகினு, கண்டம் கண்டம்னு கத்திகினே வரும்."