திரும்பக் கூப்பிடாத கடை

“அடுத்தவன் பொண்டாட்டிக்கு ஒருத்தன் தெனமும் குதிரை அனுப்பறான். பார்த்துக்கினு சும்மா கீறியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கை காய்வதற்குள் முனிரத்தினம் ஒற்றை விரலால் இதைச் செல்போனில் குத்தி அனுப்பிவிட்டார். யாருக்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது ஆணா, பெண்ணா, மிஷினா, எதுவும் தெரியாது. மேலே ‘வாடிக்கையாளர் உதவி’ என்று மட்டும் போட்டிருந்தது. வாடிக்கையாளர் இங்கே இருந்தார். உதவியைத்தான் காணோம்.

விளையாட்டின் பெயர் கோட்டைக் கூட்டம். செல்போனில் ஆளுக்கொரு கோட்டை கட்டவேண்டும். பல பேர் சேர்ந்து ஓர் அணியாகி, அடுத்த அணியோடு மோதவேண்டும். ‘பொழிச்சலூர் படை’ என்ற அணிக்குத் தலைவி, முனிரத்தினத்தின் மனைவி சுபத்ரா. உப தலைவன், முகம் தெரியாத, செல்போனில் குரல் மட்டும் கேட்கிற ஒரு ‘கோவளம் கிங்’. முனிரத்தினமோ வெறும் சிப்பாய். வீட்டில் தாலி கட்டிய புருஷன், கோட்டையில் சிப்பாய்! எந்த மனுஷனுக்கு வயிறு எரியாது?

“யாருடி அந்த கிங்கு?”

“டீம்ல ஒருத்தர்.”

“ஒருத்தரா? மரியாதை வேறயா? எதுக்கு உனக்குக் குதிரை அனுப்பறான்?”

“என்கிட்ட குதிரை கம்மி.”

“என்னைக் கேட்டா நான் தர மாட்டேனா?”

“கேட்டேனே. பதிலுக்கு யானை கேட்டீங்க.”

முனிரத்தினம் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்.

“அதை வுடு. அவன் கூப்பிடற தினுசு எனக்குப் புடிக்கல.”

“அக்கான்னுதாங்க கூப்பிடறாரு.”

“அவன் கூப்பிடற அக்காவுல அக்காவே இல்லடி! தேன் சொட்டுது!”

முனிரத்தினம் சாதாரண ஆள் இல்லை. உடைந்த நாற்காலிகளை மூன்று சக்கர வண்டியில் ஏற்றிப் பம்மல் தெருக்களில் தள்ளியவர், இன்று அதே பம்மலில் பழைய பர்னிச்சர் கடை வைத்திருக்கிறார். எல்லாம் பேரம் பேசியே சம்பாதித்தது. பேரம் பேசாமல் அவர் வாங்கியது ஜலதோஷம் ஒன்றுதான்.

அவருடைய கடைசி அஸ்திரம் நடை. விலை படியவில்லையா? “வேணாம்பா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார். தெருமுனை வருவதற்குள் கடைக்காரன், “சார், சார், நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கோங்க” என்று பின்னால் ஓடி வருவான். அப்படித் தாம்பரம் மார்க்கெட்டில் ஓடி வந்தவர்களை வரிசையாக நிறுத்தினால் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம் வரைக்கும் போகும்.

செல்போன் ‘டிங்’ என்றது.

“அன்பார்ந்த வீரரே! பரிசு அனுப்புவது விதிமீறல் அல்ல. உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.”

பதில் வந்துவிட்டது! பதில் வந்தால் பேரம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முனிரத்தினம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

“கிங்கை ஆயுசுக்கும் உள்ள வுடாதே.”

“அன்பார்ந்த வீரரே! பரிசு அனுப்புவது விதிமீறல் அல்ல.”

“சரி, ஒரு வருஷம்.”

“அன்பார்ந்த வீரரே! பரிசு அனுப்புவது விதிமீறல் அல்ல.”

“ஒரு மாசம். உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்.”

“அன்பார்ந்த வீரரே!...”

“குதிரையைக்கூட வுடுய்யா. அந்த அக்காவையாவது நிறுத்தச் சொல்லு!”

“எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா? எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?”

முனிரத்தினம் செல்போனைக் கட்டிலில் விட்டெறிந்தார். எத்தனையோ எமகாதகர்களைப் பார்த்தவர் அவர். சொன்னதையே சொல்லிக்கொண்டு இம்மிகூட இறங்காத ஒரு கடையை ஜென்மத்தில் பார்த்ததில்லை.

சுபத்ரா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “இன்னும் அவங்ககிட்ட நின்னு பேசிட்டிருக்கீங்களா? நடக்க வேண்டியதுதானே?”

“எங்க நடக்கறது? இது இன்னா கடைத்தெருவா?”

“அமைப்புகள்ல போய்ப் பாருங்க, ‘கணக்கை நிரந்தரமாக நீக்கு’ன்னு ஒண்ணு இருக்கும். உங்களை மாதிரி ஒரு கஸ்டமரை விட அவங்களுக்கு மனசு வருமா? ஆனா வேணாங்க. நீங்க பாதியில போனா கிங் என்ன நினைப்பாரு?”

கடைசி வாக்கியம் போதும். கிங் என்ன நினைப்பாராம்! முனிரத்தினம் பாய்ந்து அந்தப் பொத்தானை அழுத்தினார்.

“உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?” என்று கேட்டது செல்போன்.

“பார்த்தியாடி! ஆடிப்போயிட்டான்!”

மறுபடி அழுத்தினார்.

“உங்கள் கோட்டையை இழக்க நேரிடும். நிச்சயமாகவா?”

“கெஞ்சறான், கெஞ்சறான்! திரும்பியே பார்க்கக் கூடாது!”

மூன்றாவது தடவையும் அழுத்தினார்.

“கணக்கு நீக்கப்பட்டது. எங்களுடன் பயணித்ததற்கு நன்றி.”

முனிரத்தினம் மார்பில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். வீட்டுக்கு மேலே தாழப் பறந்து ஒரு விமானம் பக்கத்து ஏர்போர்ட்டில் இறங்கியது. இன்னொன்று இறங்கியது. “சார், சார்” என்று ஒருத்தனும் ஓடி வரவில்லை.

விட்டு வந்த கடைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக அவரே திரும்பிப் போனார். “நீக்கிய கோட்டையை மீட்க இயலாது” என்றது கடை. புதிதாகப் பெயர் கொடுத்துச் சேர்ந்தார். கோட்டைக்குப் பதில் ஒரு குடிசை கொடுத்தார்கள். வாசலில் ஓர் ஆடு.

“சுபா, வேற பேர்ல வந்துட்டேன். படையில சேத்துக்கோ.”

“ஆள் சேக்கறது உப தலைவர் பொறுப்புங்க. அவருக்கு மனு போடுங்க.”

“அவனுக்கா? நானா? நீதானே தலைவி!”

“புருஷனுக்காகச் சட்டத்தை வளைச்சா, நாளைக்கு டீம்ல யாரு என்னை மதிப்பாங்க?”

வேறு வழி? பல்லைக் கடித்துக்கொண்டு மனு போட்டார். அந்த நேரம் பார்த்து சுபத்ராவின் செல்போனில் ஒரு குரல் கேட்டது. அதே தேன்.

“அக்கா, போன சண்டையில நாம கோட்டையை உடைக்கறப்போ எதிரி வாசல்ல நின்னு பேரம் பேசிக்கினு இருந்தாரே, அவரு போயிட்டாரா? அவராலதானேக்கா தோத்தோம்?”

“போயிட்டாரு தம்பி.”

“அப்பாடா! நீங்களே தூக்கிட்டீங்களா?”

“சேச்சே, கட்டின புருஷனை நானே எப்படி வெளிய தள்ளறது? அவராத்தான் நடந்தாரு. நான் வழியை மட்டும் காட்டினேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு கல்யாண ஆல்பத்தில்கூட இல்லை.

முனிரத்தினம் ஆட்டைப் பார்த்தார். ஆடு முனிரத்தினத்தைப் பார்த்தது. மனுவைப் பார்த்தார். ‘உப தலைவரின் பரிசீலனையில்’ என்று இருந்தது. ஒற்றை விரலால் வாடிக்கையாளர் உதவியை மறுபடி திறந்தார்.

“ஐயா, நீ யாரா இருந்தாலும் சரி. ஆயுசுத் தடை வேணாம், ஒரு மாசமும் வேணாம். அவன் குதிரை அனுப்பட்டும், ஒட்டகம்கூட அனுப்பட்டும். என் மனு அவன் கையில கீது. ‘பாவம், அந்தாளைச் சேத்துக்கோப்பா’ன்னு அவனுக்கு நீயாவது ஒரு வார்த்தை சொல்லுய்யா!”